சுருட்டுப் பெட்டி லேபிளில் தில்லுமுல்லு! பூதக்கண்ணாடி காட்டிக் கொடுத்தது

சென்னை,-

அவர் ஆயுசில் ஒரு சுருட்டுகூடப் பிடித்தது கிடையாது. ஆனால் அவர் வீட்டு டிரங்குப் பெட்டி நிறைய சுருட்டுப் பெட்டி லேபிள்கள்!

எல்லாம் அமெரிக்க லேபிள்கள். 100 வயதைத் தாண்டியவை. அதில் ஒன்று மட்டும் போலி.

ராயப்பேட்டையில் வசிக்கும் அவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பேர் போடாதே தம்பி, வீட்டுல தெரிஞ்சா வம்பு" என்று கேட்டுக்கொண்டார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வரியால் வந்த அழகு

சுருட்டுப் பெட்டிக்கு எதற்கு இவ்வளவு அழகான படம்? காரணம் வரி!

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. செலவுக்குப் பணம் வேண்டுமே! சுருட்டுக்கு வரி போட்டார்கள். யாரும் ஏய்க்காமல் இருக்க, பெட்டியில் அடைத்து, வரி முத்திரை ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று 1860-களில் சட்டம் வந்தது.

கடையில் பெட்டியைத் திறந்து வைத்து விற்பார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் எதை வாங்குவது? அதனால் மூடியின் உள்பக்கம் படம் ஒட்டினார்கள். ராணி, குதிரை, ஜனாதிபதி, அழகி என்று விதவிதமாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைக் காட்டி, "அதைக் கொடு" என்று கேட்கலாம்.

கல்லில் அச்சு

இந்த லேபிள்கள் கல் அச்சில் தயாரானவை. ஜெர்மனியில் இருந்து வந்த சுண்ணாம்புக் கல்லில் ஓவியர் கையாலேயே புள்ளி புள்ளியாக வரைவார். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்கு 10 கல் வரைகூட ஆகும். அதன்மேல் தங்க நிறப் பொடி தூவி, நாணயம் போலப் புடைக்க அழுத்துவார்கள்.

நியூயார்க் நகரம்தான் இந்தத் தொழிலுக்குத் தலைமையிடம். பிறகு சிகரெட் வந்தது, மலிவான அச்சு வந்தது. 1930-களில் கல் அச்சு லேபிள் ஓய்ந்து போனது.

ரூ.4 ஆயிரம் போச்சு!

நம் பெரியவர் சில வருடங்களுக்கு முன் தபாலில் ஒரு லேபிள் வாங்கினார். "1890-ல் அச்சானது" என்று சொன்னார்களாம். விலை ரூ.4 ஆயிரம். அத்தனையும் பென்ஷன் பணம்.

"கவரைப் பிரிச்சு கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். நெஞ்சே அடைச்சுப் போச்சு. 30 வருஷம் அச்சு வேலை பார்த்தவனையே ஏமாத்திட்டான் தம்பி" என்றார்.

கண்டுபிடிப்பது எப்படி?

பூதக்கண்ணாடியில் பாருங்கள். கையால் வைத்த புள்ளி என்றால் பெரிசும் சிறிசுமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்தக் கால ஆப்செட் அச்சு என்றால் கோலப் புள்ளி போல வரிசை பிசகாமல் இருக்கும்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. ஒட்டாமல் மிஞ்சிப்போன அசல் லேபிள்கள் அமெரிக்காவில் கட்டுக் கட்டாகக் கிடைத்திருக்கின்றன. அதனால் அசல் எல்லாமே அபூர்வம் அல்ல. "பழசு" என்று சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்!

அந்தப் போலியை என்ன செய்தார்? ஒரு வியாபாரி பாதி விலைக்குக் கேட்டாராம். பெரியவர் தரவில்லை. பின்பக்கம் பேனாவால் "போலி" என்று எழுதி வைத்துவிட்டார்.

"நான் ஏமாந்தது என்னோட போகட்டும்" என்றார்.

ஒரே குறை

அவருக்கு ஒரு குறை. திருச்சி சுருட்டு ஒரு காலத்தில் சீமை வரை பேர் போனது. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து "திருச்சி சுருட்டு" என்று துப்பறிகிறார்கள்!

"அமெரிக்கா லேபிள் இத்தனை இருக்கு. நம்ம உறையூர், திண்டுக்கல் சுருட்டு லேபிள் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லை. குப்பைன்னு கொளுத்திட்டாங்க."

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சுருட்டுப் பெட்டி கிடக்கிறதா? அடுப்பில் போடும் முன் மூடியை ஒரு தடவை திறந்து பாருங்கள்!