இளம்பூப்பும் இடம்பெயர்ந்த மகவும்

பெண்மக்களின் வாழ்நாளை ஏழு பருவங்களாக வகுத்துரைப்பது தமிழ்ப் பாட்டியல் மரபு. 5 முதல் 7 ஆண்டுவரை பேதை என்றும், 8 முதல் 11 வரை பெதும்பை என்றும், 12, 13 ஆகிய ஆண்டுகளில் மங்கை என்றும், அதற்குமேல் மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்றும் அப்பருவங்கள் பெயர்பெறும். பெதும்பைக்கும் மங்கைக்கும் இடையே இட்ட எல்லை, பூப்பின் எல்லையை ஒட்டி அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. இவ்வெல்லையைப் பேதைப் பருவத்திலேயே கடந்துவிடும் பிள்ளைகளும் உளர். அவருள் ஒருசாரார், வறிய நாடுகளிற் பிறந்து செல்வ நாட்டவரால் மகவேற்கப்பட்டோர். தத்தெடுத்தல் என வழங்குவதையே இலங்கைச் சட்டம் மகவேற்றல் எனக் குறிக்கும். இப்பிள்ளைகளை அனுப்பிய நாடுகளுள் இலங்கையும் ஒன்றாதலின், இஃது அயலார் செய்தியன்று. போரினாலும் வறுமையினாலும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மன்னார்த் தீவினரும் அதன் எதிர்க்கரையினரும் இதனின்று அறிந்துகொள்ள வேண்டுவன பல.

பூப்பு ஒருநாளில் நிகழ்வதன்று. முதற்குருதி தோன்றுதலையே நாட்டுவழக்கு 'பெரியபிள்ளையாதல்' என்றும் 'சாமத்தியப்படுதல்' என்றும் கூறும். மருத்துவர் கொள்ளும் தொடக்கமோ அதற்கு ஏறத்தாழ ஈராண்டு முற்பட்டது. பெண்பிள்ளைக்கு மார்பு அரும்புதலும், ஆண்பிள்ளைக்கு விதைகள் பருக்கத் தொடங்குதலும் அதன் முதற்குறிகள். இவை பெண்ணிடத்து 8 வயது நிரம்புமுன்னும், ஆணிடத்து 9 வயது நிரம்புமுன்னும் தோன்றுமாயின், அந்நிலை இளம்பூப்பு எனப்படும். இது பெண்பிள்ளைகளிடத்திலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

இதன் தூண்டல் மூளையிலிருந்து பிறக்கின்றது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் சிறு உறுப்பு, துடிப்புத் துடிப்பாக ஓர் ஓமோனைச் சுரக்கும். அதன் ஏவலால் கபச்சுரப்பி இயங்கும். கபச்சுரப்பியின் ஏவலால் சூலகமோ விதையோ விழித்தெழும். பிறந்த முதற் சில மாதங்களில் இவ்வியக்கம் சிறிது தோன்றி, பின்னர் அடங்கிவிடுகின்றது. குழந்தைப்பருவம் முழுவதும் மூளை அதனைக் கடிவாளமிட்டு வைத்திருக்கின்றது. கடிவாளம் தளரும் காலத்தை மரபுவழி பெரிதும் தீர்மானிக்கும். எனினும் உடலின் ஊட்டநிலையும் அதில் பங்குகொள்ளும். 1994 இல் கண்டறியப்பட்ட லெப்ரின் என்னும் ஓமோன், உடற்கொழுப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் தூதுவன் போன்றது. பிள்ளையின் உடலிற் போதிய சேமிப்பு உண்டு என்னும் செய்தி எட்டினாலன்றி மூளை பூப்புக்கு இடங்கொடுப்பதில்லை.

மகவேற்கப்பட்ட பிள்ளைகளிடம் இளம்பூப்பு மிகுதி என்பதை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தோருள் சுவீடனின் உப்சாலா நகர மருத்துவர்கள் குறிப்பிடத்தக்கவர். இந்தியாவிலிருந்து சுவீடனுக்குச் சென்ற 107 பெண்பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராய்ந்த அவர்கள், தம் முடிவை 1991 இல் வெளியிட்டனர். அப்பிள்ளைகளின் முதற்குருதி வயதின் நடுஅளவு 11.6 ஆண்டு, அவருள் மிக இளையவர்க்கு அது 7.3 ஆண்டிலேயே நிகழ்ந்தது. இது சுவீடனிற் பிறந்த பெண்களின் வயதினும் குறைவு. இந்தியாவில் வசதியாக வளர்ந்த பெண்களின் வயதினும் குறைவு. டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2006 இல் வெளிவந்த ஆய்வு, மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கு இளம்பூப்பு நேரும் வாய்ப்பு அந்நாட்டுப் பிள்ளைகளினும் 10 முதல் 20 மடங்கு மிகுதி எனக் கண்டது. இரண்டு வயதுக்கு மேல் மகவேற்கப்பட்டோரிடத்து அவ்வாய்ப்பு மேலும் உயர்ந்திருந்தது. தம் பெற்றோரோடு குடியேறிய அயல்நாட்டுப் பிள்ளைகளிடத்தோ அது சிறிதளவே மிகுந்திருந்தது.

இவ்விடத்து ஒரு பழைய தவறான கருத்தைக் களைதல் வேண்டும். வெப்பநாட்டுப் பெண்கள் விரைவிற் பூப்பர் என்பது ஐரோப்பியர் நெடுங்காலம் கொண்டிருந்த எண்ணம். பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ 1748 இல் வெளியிட்ட சட்டங்களைப் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றுள்ளது. வெப்பமே காரணமாயின், உடையும் பனையும் பெருக்குமரமும் வெயிலில் நிற்கும் மன்னாரிலே வளரும் பிள்ளையினும், பனிபெய்யும் உப்சாலாவிலே வளரும் பிள்ளை காலந்தாழ்த்தியன்றோ பூத்தல் வேண்டும்? கண்டதோ அதற்கு நேர்மாறு; வெப்பநாட்டை விட்டு நீங்கிய பிள்ளையே முந்திப் பூத்தது. மேலும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பியப் பெண்கள் 16, 17 வயதளவிலேயே முதற்குருதி கண்டனர். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13 வயதளவிற்கு இறங்கிற்று. இடைப்பட்ட நூறாண்டில் அந்நாடுகளின் குளிர் மாறவில்லை. உணவும் சுகாதாரமுமே மாறின.

அங்ஙனமாயின் நல்லுணவு பூப்பை விரைவுபடுத்தும், பட்டினி அதனைத் தாழ்த்தும் என்பதோடு முடித்துவிடலாமோ எனின், அமையாது. பிறந்தது முதல் நல்லுணவு உண்ட பிள்ளையினும், முதலிற் பட்டினியும் பின்னர் நல்லுணவும் கண்ட பிள்ளையே முந்துகின்றது. உப்சாலா ஆய்விலும், வந்து சேர்ந்தபோது மிகக் குறுகியிருந்து, பின்னர் மிக விரைந்து வளர்ந்த பிள்ளைகளே மிக முன்னதாகப் பூத்தனர். ஆகவே குறைவோ நிறைவோ தனித்துக் காரணமாகவில்லை. குறைவின்மேல் விரைந்து வந்த நிறைவே காரணமாகின்றது என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

கட்டுக்கரைக்குளத்து நீர்பாயும் வயல்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாற்றுமேடையில் நெருக்கமுற்று வயது கடந்துவிட்ட குறுகியகால நெல்லின் நாற்றைப் பறித்து, நல்ல உரமிட்ட வயலில் நட்டால், அது தூர்கட்டிப் பெருகாமல் விரைந்து கதிர் தள்ளிவிடும். இளநாற்றாய் நட்டிருந்தால் அதே வயலில் உரிய காலத்திற் பூத்திருக்கும். வயலின்மேற் குற்றமில்லை, உரத்தின்மேலும் குற்றமில்லை, நாற்றுமேடையில் நேர்ந்த நெருக்கடி பயிரின் காலக்கணக்கை மாற்றிவிட்டது. தாயின் வயிற்றிலும் முதற் பிராயத்திலும் குறைவுற்ற குழந்தையின் உடலும் ஒருவாறு இத்தகையதே. உவமை முற்றிலும் பொருந்துமென்பதற்கில்லை. எனினும் மகவேற்கப்பட்ட வயது கூடுங்தோறும் இளம்பூப்பின் வாய்ப்புக் கூடுவதேன் என்பதை அது ஓரளவு புலப்படுத்தும்.

இதனின்று ஏற்றெடுத்த பிள்ளைக்கு உணவைக் குறைத்தல் நலம் என்னும் முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. மெலிந்த பிள்ளை விரைந்து தேறுதல் அதன் உயிருக்கும் மூளை வளர்ச்சிக்கும் இன்றியமையாதது. வேண்டுவது உணவுக் குறைப்பன்று. வளர்ச்சியை அளந்து கண்காணித்தலேயாம்.

மற்றொரு கருதுகோள் மன்னார் போன்ற மலேரியா நிலங்களை நேரே தொடுவது. 2001 இல் பெல்ஜியத்தில் இளம்பூப்பு உற்ற பிள்ளைகளை ஆராய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்தோருட் பெரும்பாலாரின் இரத்தத்தில் டி.டி.ரீ. மருந்தின் சிதைவுப் பொருள் காணப்பட்டது. அந்நாட்டிற் பிறந்தோரிடத்து அது அரிதாகவே இருந்தது. டி.டி.ரீ. வகைப் பொருள்களுட் சில பெண்மை ஓமோனைப் போலச் செயற்படுவன. குழந்தைமையில் அவற்றின் சேர்க்கையும், நாடு மாறியபின் அச்சேர்க்கை நின்றுபோதலும் மூளையின் கடிவாளத்தைக் குலைத்திருக்கலாம் என அவ்வாய்வாளர் கருதினர். இது கருதுகோளேயன்றி நாட்டப்பட்ட முடிவன்று. இலங்கையில் 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1946 முதல் வீடுகளின் சுவர்களில் டி.டி.ரீ. தெளிக்கப்பட்டது, 1963 இல் நாடு முழுவதிலும் நோயுற்றோர் தொகை 17 ஆக இறங்கிற்று. தெளிப்புத் தளர்ந்தபின் 1968–69 இல் நோய் மீண்டும் எழுந்து பல இலட்சம் பேரைப் பற்றியது. 1977 இல் மலத்தியன் அம்மருந்தின் இடத்தைப் பிடித்தது. எண்ணிறந்த உயிர்களைக் காத்த அம்மருந்தை இன்று பழித்தல் நன்றியறிதலாகாது. அதன் எச்சம் கொழுப்பில் நெடுங்காலம் தங்குவது என்பதை மறத்தலும் அறிவுடைமையாகாது.

இவ்வாய்வுகள் அனைத்தும் ஓர் எண்ணின்மேல் நிற்கின்றன. அவ்வெண் பிள்ளையின் வயது. அது பிழையாயின் இளம்பூப்பு என்னும் முடிவே பிழையாகக்கூடும். பட்டினியால் மெலிந்த 4 வயதுப் பிள்ளை 3 வயதினது போலத் தோன்றும். பிறந்தநாள் அறியாதார் அதற்கு 3 வயதெனவே எழுதுவர். பின்னர் அது தன் உண்மையான 9 வயதிற் பருவக்குறி காட்டினும், ஏட்டின்படி 8 வயதென்றே கொள்ளப்படும். எலும்பைக் கதிர்ப்படத்தில் நோக்கி வயதறியலாம் எனின், பட்டினி எலும்பின் முதிர்ச்சியையும் தாழ்த்துவது. பூப்பு அதனை விரைவுபடுத்துவது. வயதுப் பிழை ஒன்றினாலேயே இவ்வளவு பெரிய வேறுபாடு முழுவதும் விளைந்ததெனக் கூறுதல் இயலாது. எனினும் தனியொரு பிள்ளையைத் தன்முன் இருத்திய மருத்துவர்க்கு அப்பிழை பெருந்தடையாகும்.

இலங்கையில் இப்பிழை தற்செயலாக மட்டும் நேரவில்லை. பிள்ளைகளை மகவேற்றற் கட்டளைச் சட்டம் 1941 இல் ஆக்கப்பட்டது. 1970களிலும் 1980களிலும் அச்சட்டத்தின் நிழலில் வெளிநாட்டு மகவேற்பு ஒரு வணிகமாயிற்று. 1980களில் ஐரோப்பாவுக்குச் சென்ற இலங்கைப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,000 என மதிப்பிடப்படுகின்றனர். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 பிள்ளைகள் சென்றனர். பிறப்புப் பதிவுகள் பொய்யாக எழுதப்பட்டமையும், பெற்றவளுக்குப் பதிலாக வேறொருத்தி தாயென முன்னிறுத்தப்பட்டமையும் பின்னர் வெளிவந்தன. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இவற்றை வெளிக்கொணர்ந்தபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சர் முறைகேடுகள் நிகழ்ந்தமையை ஒப்புக்கொண்டார். 2020 இல் சுவிற்சர்லாந்து அரசு தன் அதிகாரிகளின் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. நாடுகளுக்கிடையிலான மகவேற்பை நெறிப்படுத்தும் ஹேக் உடன்படிக்கையை இலங்கை 1995 இல் ஏற்றுறுதி செய்தது. வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் பலர் இன்று தாயைத் தேடி வருகின்றனர். பொய்ப்பதிவு அவர்களிடமிருந்து தாயை மட்டும் மறைக்கவில்லை. உண்மையான வயதையும், தாய்வழிப் பூப்புக் காலத்தையும், பிறந்தபோதிருந்த எடையையும் சேர்த்தே மறைத்தது. மருத்துவர் முதலில் வினவுவன இம்மூன்றுமே.

மன்னார்க் கரையில் இதே குறை வேறு வழியால் நேர்ந்தது. 1983க்குப் பின் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி இராமேசுவரம் சென்றோரும், 1990 இல் மடுவில் தஞ்சம் புகுந்தோரும், அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் மக்களும் வீட்டோடு ஏடுகளையும் இழந்தனர். பிறப்புப் பதிவு கிட்டாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழே துணையாயிற்று. பாடசாலைச் சேர்வுக்கும் அடையாள அட்டைக்கும் அது போதும். வளர்ச்சியை அளக்கும் மருத்துவர்க்குப் போதாது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டிலோ சிறுவர் இல்லத்திலோ வளரும் பிள்ளையும், கடல்கடந்து மகவேற்கப்பட்ட பிள்ளையைப் போலவே, குறைவிலிருந்து நிறைவுக்குத் திடீரெனப் பெயர்வதுண்டு. அத்தகைய பிள்ளையைப் பற்றித் தெரிந்தவற்றை, எழுதத் தெரிந்த ஒருவர் அன்றே எழுதிவைத்தல் பேருதவியாகும்.

இளம்பூப்பால் விளையும் தீங்கு இருவகைத்து. ஒன்று உடலைப் பற்றியது. பூப்பின் ஓமோன்கள் முதலில் வளர்ச்சியை முடுக்கிப் பின்னர் எலும்பின் வளர்முனைகளை மூடிவிடுகின்றன. ஆதலின் வகுப்பில் இன்று உயர்ந்து நிற்கும் பிள்ளை நாளை குறுகியவளாய் நின்றுவிடக்கூடும். உப்சாலாவில் ஆராயப்பட்ட பெண்களின் இறுதி உயரம் சராசரி 154 சென்ரிமீற்றர். அவருட் சிலர் 145 சென்ரிமீற்றரையும் தாண்டவில்லை. மூளையின் தூண்டலைத் தற்காலிகமாக அடக்கும் ஊசிமருந்து 1980களிலிருந்து பயன்படுகின்றது. நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ ஏற்றப்படும் அம்மருந்தை உரிய வயதில் நிறுத்தியதும் பூப்பு இயல்பாகத் தொடரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வேண்டுவதில்லை. மெல்லச் செல்லும் பூப்பாயின் கண்காணிப்பே போதும். அரிதாக மூளைக்கட்டி முதலியனவும் காரணமாவதுண்டு. ஆண்பிள்ளையிடத்தும் மிக இளைய பெண்பிள்ளையிடத்தும் அவ்வையம் வலிது. ஆகவே குறி கண்டவுடன் மருத்துவரை நாடுதல் கடன்.

மற்றது உள்ளத்தைப் பற்றியது. உடல் முந்தினும் உள்ளம் உடன் முந்துவதில்லை. 8 வயதிற் பூத்த பிள்ளை, மங்கையின் தோற்றமுடைய பெதும்பையே. ஏற்கெனவே நிறத்தால் வேறுபட்டு, பெற்றவளைப் பிரிந்து, புதிய மொழியிடையே நிற்கும் மகவுக்கு, தோழியரிடமிருந்து உடலாலும் வேறுபடுதல் இரட்டைத் தனிமை. ஊரில் வளரும் பிள்ளைக்கோ வேறொரு சுமை உண்டு. சடங்கு, பந்தல், புகைப்படம், விருந்து என்று பலர் கண்முன் நிறுத்தப்பட்டு, 'இனி நீ சிறுபிள்ளையல்லை' என்று அது சொல்லப்படுகின்றது. சாமத்தியச் சடங்கு பெண்மையைப் போற்ற எழுந்தது. பிள்ளைமையைப் பறிக்க எழுந்ததன்று. மூன்றாம் வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கு அதனைச் சில ஆண்டுகள் தாழ்த்துவதாலோ, வீட்டளவில் எளிதாக முடிப்பதாலோ மரபுக்கு இழுக்கில்லை.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பிள்ளையின் உயரத்தைக் கொண்டு அதன் அறிவை அளவிடாதிருத்தல், விளையாட்டினின்று அதனை விலக்காதிருத்தல், ஏனைய மாணவர் நகைக்க இடங்கொடாதிருத்தல், தாய்க்கோ காவலர்க்கோ தனித்துச் செய்தி கூறுதல் ஆகியன வகுப்பறையிலேயே செய்யக்கூடியவை. குடும்பநல உத்தியோகத்தர் எடையும் உயரமும் குறித்துத் தரும் ஏட்டைப் பள்ளி சேர்ந்ததும் எறிந்துவிடாது பேணும்படி பெற்றோர்க்கு உரைத்தலும் அவர் கடனே. பிள்ளை எவ்வீட்டிற் பிறந்து எவ்வீட்டில் வளரினும், அதன் உண்மையான பிறந்தநாளும் அதன் வயதுக்குரிய பிள்ளைமையும் அதற்கு உரியன. அவ்விரண்டையும் காத்துக்கொடுத்தல் அதனை ஏற்றுக்கொண்ட பெரியோர் பொறுப்பு.