காரிலும் கரோக்கேயிலும் சில மேனாட்டுப் பாடல்கள்

பாட்டு இரு வகைப்படும். ஒருவர் பாட, ஏனையோர் அமைதியாக இருந்து கேட்டு மகிழ்வதற்கென்று அமைந்தவை சில. கேட்பவரும் வாய் திறந்து கூடப் பாடுவதற்கென்று அமைந்தவை வேறு சில. கச்சேரி மேடையில் வித்துவான் பாடும் கிருதி முதல் வகையைச் சேர்ந்தது. பஜனையில் பாகவதர் ஓரடி சொல்ல, கூடியிருப்போர் அதைத் திருப்பிச் சொல்லும் நாமாவளி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேனாட்டுப் பாடல்களிலும் இவ்விரு வகையும் உண்டு. அவற்றுள் இரண்டாம் வகைப் பாடல்கள் சிலவற்றை, இன்று பல நாட்டு ஆடவரும் கார் ஓட்டும்போதும், கரோக்கே என்னும் பாட்டுக் கேளிக்கையிலும் விரும்பிப் பாடுகின்றனர். பெங்களூரிலோ மும்பையிலோ தில்லியிலோ பணிபுரியும் தமிழ் இளைஞர், அலுவலக நண்பர்களோடு நெடுந்தூரம் காரில் செல்லும்போதும், விருந்தின் நடுவே மைக் தம் கைக்கு வரும்போதும் இப்பாடல்களை எதிர்கொள்கிறார். இவை எவ்வாறு பரவின, பாடுவதற்கு இவற்றில் உள்ள எளிமை யாது என்பதைக் காண்போம்.

முதலில் காரை எடுத்துக்கொள்வோம். 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்னும் சகோதரர்கள், காரில் பொருத்தத்தக்க வானொலிப் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டாரோலா என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அன்று தொட்டு நெடுஞ்சாலையும் பாட்டும் இணைபிரியாதவை ஆயின. 1946-இல் பாபி ட்ரூப் என்பவர் பென்சில்வேனியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் காரில் சென்றபோது, தாம் சென்ற நெடுஞ்சாலையின் பெயரையே வைத்து 'ரூட் 66' என்னும் பாடலைப் புனைந்தார். வழியில் வரும் ஊர்களின் பெயர்களை வரிசையாகக் கோத்ததே அப்பாட்டின் பெரும்பகுதி. நாட் கிங் கோல் அதே ஆண்டில் அதைப் பாடிப் புகழ் பெற்றார். அந்தச் சாலை 1985-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பாட்டோ இன்றும் வழக்கில் இருக்கிறது.

கார் ஓட்டும் ஒருவர் பாடத் துணிவது ஏன்? கண்ணாடி ஏற்றிய காருக்குள் அவரைக் கேட்பாரும் சிரிப்பாரும் இல்லை. எஞ்சின் ஓசை குரலின் குறையை மறைக்கிறது. கண்ணும் கையும் வேலையில் இருக்க, வாய் மட்டும் ஓய்ந்திருக்கிறது. வீட்டில் ஒரு வரி பாடவும் கூசும் மனிதர், காரில் ஏறியதும் பாடகராகிவிடுவது இதனால்தான்.

அதே மனிதரைப் பிறர் முன்னிலையில் பாட வைத்தது கரோக்கே. 'கரா' என்றால் ஜப்பானிய மொழியில் வெறுமை. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்னும் சொல்லின் குறுக்கம். பாடகர் இல்லாத பக்கவாத்தியம் என்பது இதன் பொருள். கோபே நகரில் இரவு விடுதிகளில் வாத்தியம் வாசித்துப் பிழைத்த டைசுகே இனோவே என்பவர், 1971-இல் இதற்கென ஓர் இயந்திரத்தை அமைத்தார். அவருடைய வாடிக்கையாளரான தொழிலதிபர் ஒருவர், தாம் வெளியூரில் பாடுவதற்குப் பக்கவாத்தியமாக உடன் வருமாறு அவரை அழைத்தார். இனோவேயால் போக இயலவில்லை. ஆகவே அந்த மனிதரின் குரலுக்கு ஏற்ப வாத்தியத்தை மட்டும் ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். இந்த நிகழ்ச்சியே இயந்திரத்துக்கு வித்தாயிற்று. முதலில் 11 பெட்டிகளைச் செய்து கோபே விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டார்.

இதில் ஒரு பொருத்தத்தைக் காணலாம். அவர் பயன்படுத்திய எட்டுத் தட ஒலிநாடா, 1960-களின் நடுவில் அமெரிக்காவில் காரில் கேட்பதற்கென்றே பெயர் பெற்றது. ஃபோர்டு கம்பெனி 1965-இல் அதைத் தன் கார்களில் பொருத்தித் தந்தது. ஆக, காருக்கென வந்த நாடாவே கரோக்கேக்கும் கருவி ஆயிற்று. இனோவே தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறவில்லை. பின்னாளில் பிறர் இத்தொழிலில் பெரும்பொருள் ஈட்டினர். 2004-இல், மனிதர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதிய வழி காட்டினார் என்று கூறி, நகைச்சுவையாக வழங்கப்படும் 'இக் நோபெல்' அமைதிப் பரிசை அவருக்கு அளித்தார்கள். வேடிக்கையாகச் சொன்ன காரணமாயினும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இனிப் பாடல்களின் அமைப்பைப் பார்ப்போம். கூடப் பாடுவதற்கு ஏற்ற பாட்டில் மூன்று இயல்புகள் பெரும்பாலும் அமைந்திருக்கும். முதலாவது, திரும்பத் திரும்ப வரும் பல்லவி. சரணங்களை மறந்தவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, மாறாத தாளம். 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்', 'லிவின் ஆன் எ ப்ரேயர்' ஆகிய இரண்டும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டு என்னும் நடையில் செல்பவை. கால் தானாகவே தாளமிடும். மூன்றாவது, கேட்பவருக்கென விட்ட இடம். நீல் டயமண்ட் 1969-இல் பாடிய 'ஸ்வீட் கரோலைன்' இதற்கு நல்ல சான்று. பல்லவியின் நடுவே ஊதுகருவிகள் ஒலிக்கும் சிறு இடைவெளியில், பாட்டில் சொல் எதுவும் இல்லை; அவ்விடத்தைக் கூட்டத்தார் தம் குரலால் நிரப்பிவிடுகிறார்கள். பாஸ்டன் நகரின் பென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் 2002 முதல் ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் இதைப் பாடும் வழக்கம் ஏற்பட்டது.

குரலின் எல்லையும் கருதத்தக்கது. ஆடவர் பெரும்பாலோர்க்கு நடுத்தரக் குரலே இயல்பு. மேனாட்டு ராக் பாடகர்களோ மேல்ஸ்தாயியில் உலவுபவர்கள். 1986-இல் வந்த 'லிவின் ஆன் எ ப்ரேயர்' பாட்டில் கடைசிப் பல்லவி திடீரென மூன்று அரைச்சுரம் உயர்கிறது; அதுவரை துணிவோடு பாடியவர் அங்கே குரல் உடைந்து நிற்பது வழக்கம். ஜானி கேஷ் 1963-இல் பாடிய 'ரிங் ஆஃப் ஃபயர்' போன்ற தாழ்ந்த குரல் பாட்டு அத்தகையோர்க்கு ஏற்றது. இன்றைய கரோக்கே இயந்திரங்களில் சுருதியை இறக்கும் வசதியும் உண்டு. சுருதி இறக்கிப் பாடுவதில் இழுக்கு ஏதுமில்லை. நம் வித்துவான்களும் தத்தம் சாரீரத்துக்கு ஏற்ற சுருதியையே வைத்துக்கொள்கிறார்கள் அன்றோ?

இவ்விதிகளை மீறி வென்ற பாடல்களும் உள. குவீன் குழுவினர் 1975-இல் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடுவது; அதில் பல்லவியே இல்லை. எனினும் 1992-இல் வெளியான 'வெய்ன்ஸ் வேர்ல்ட்' என்னும் படத்தில் நண்பர்கள் காருக்குள் தலையை ஆட்டி ஆட்டி அதைப் பாடும் காட்சி வந்தபின், பழைய பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. பிராங்க் சினாட்ராவின் 'மை வே' வேறொரு வகை. பிரெஞ்சுப் பாட்டு ஒன்றின் மெட்டுக்குப் பால் ஆங்கா ஆங்கிலச் சொற்களை எழுத, 1969-இல் வெளியானது அது. பேசுவதுபோல் தாழ்ந்து தொடங்கி, இறுதியில் பெருமிதத்தோடு உச்சிக்கு ஏறும். பாடுபவர் தம் வாழ்வையே பறைசாற்றுவதாக எண்ணிக்கொள்வதால், கேலி செய்தால் பொறுக்கமாட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டில் இப்பாட்டைப் பாடியபோது மூண்ட சண்டைகள் சில கொலையிலும் முடிந்தன. சில விடுதிகள் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிட்டன. பிறர் பாடும்போது எள்ளி நகையாடலாகாது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு மிக நெருங்கிய பாட்டு ஒன்று உண்டு. ஜான் டென்வர் 1971-இல் பாடிய 'டேக் மி ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்பதே அது. வழியே, என்னை ஊருக்கு அழைத்துச் செல் என்பது அதன் கருத்து. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சொந்த ஊராகப் போற்றும் இப்பாட்டை, பில் டானாஃப், டாஃபி நிவெர்ட் என்னும் இருவர் டென்வரோடு சேர்ந்து எழுதினர். டானாஃபின் பிறப்பிடமோ மாசசூசெட்ஸ். பாட்டின் எண்ணம் தோன்றியதும் மேரிலாந்து மாநிலத்துக் கிராமச் சாலை ஒன்றில் கார் ஓட்டிச் சென்றபோதுதான். பாட்டில் வரும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பாலும் பக்கத்து மாநிலமாகிய வர்ஜீனியாவைச் சேர்ந்தவை என்று பூகோளம் அறிந்தோர் குறை கூறுவர். ஆயினும் மேற்கு வர்ஜீனிய மக்கள் அதைத் தமதென்றே ஏற்றுக்கொண்டார்கள். 2014-இல் அது அம்மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடல்களுள் ஒன்றாயிற்று. 1973-இல் ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய வடிவம் ஜப்பானில் பெரும்புகழ் பெற்றது. 1995-இல் வெளியான ஜப்பானியச் சித்திரப் படம் ஒன்று இதன் மெட்டுக்குத் தன் மொழியில் புதிய சொற்களை அமைத்துக்கொண்டது.

இதன் காரணம் யாது? பாட்டில் வருவது அயலார் ஊரேயாயினும், ஊர் என்னும் சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரையே நினைக்கிறார்கள். தஞ்சையிலிருந்து வந்தவர்க்கு வாய்க்காலோரப் பாதையும், நெல்லையிலிருந்து வந்தவர்க்குப் பொருநைக் கரையும் கண்முன் வருகின்றன. இன்னோர் ஊரின் பெயரைச் சொல்லித் தம் ஊருக்காக ஏங்க முடிவதே இப்பாட்டின் பெருமை.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் வாரன் பிராட்ஸ்கி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டின் வேகம் மிகும்போது ஓட்டுபவரின் வேகமும் தவறுகளும் மிகுவதாகக் கண்டார். அது சாலையில் நிகழாமல், கார் ஓட்டுவதுபோல் அமைத்த கருவியில் செய்த சோதனை. ஆகவே நெரிசலிலும் மழையிலும் பாட்டை நிறுத்திவிடுவதே அறிவுடைமை. மற்றொன்று, கரோக்கேயில் மைக் வரும்போது, எனக்கு ஆங்கிலப் பாட்டு வராது என்று ஒதுங்க வேண்டுவதில்லை. பல்லவி ஒன்றை மட்டும் கற்று வைத்துக்கொண்டால் போதும். நம் மொழியில் பாடத் தெரிந்தவர் நம் மொழியிலேயே பாடலாம். பக்கவாத்தியத்துக்கு மொழி வேற்றுமை கிடையாது. அறிமுகமில்லா ஊரில், பெயர் மட்டுமே தெரிந்த நாலு பேரோடு ஒரு பாட்டைச் சேர்ந்து பாடிவிட்டால், மறுநாள் அவர்கள் நண்பர்கள்.