டயாலிசிஸ் நோயாளிக்குக் கால் மடங்கினால் அசதி என்று விடாதீர்கள்

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சட்டென்று மடங்குகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் அந்தக் காலை ஊன்றி நிற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இப்படி நேர்ந்தால், உடம்பில் தெம்பில்லை, மூட்டுத் தேய்மானம் என்று வீட்டாரே முடிவுகட்டித் தைலம் தேய்த்துவிடுகிறார்கள். தொடைத் தசையை முழங்கால் சில்லோடு பிணைக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மற்றவர்களுக்கு அது அறுந்துபோகப் பலத்த விசை வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நடக்கும்போதே அறுவதுண்டு; சிலருக்கு இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில்.

இதன் முக்கியக் காரணம் கழுத்தில் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் பயறளவில் பொதுவாக 4 பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பாஸ்பேட் தேங்கும், வைட்டமின் டி முழுமையாகச் செயல்படாது, கால்சியம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட இந்தச் சுரப்பிகள் ஓயாமல் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கிறது. தசைநாண் எலும்பில் பதிந்திருக்கும் இடமும் அப்படித்தான் அரிபடுகிறது. ரத்தத்தில் நீடிக்கும் அமிலத்தன்மையும், நெடுநாள் டயாலிசிஸில் படியும் அமிலாய்டு புரதமும் சேர்ந்து நாணை மேலும் நலிவாக்குகின்றன.

மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தசைநாணை, குறிப்பாகக் குதிகால் நாணை, பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு ஆபத்து கூடுதல். லீவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரக நோயாளிக்கு அளவைக் குறைக்க வேண்டும். சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போடுவது இவர்களுக்கு உண்மையிலேயே கெடுதல். மருந்து எடுக்கும்போது குதிகாலுக்கு மேல் வலித்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழங்காலில் சந்தேகம் வந்தால் நோயாளியைப் படுக்கவைத்து, காலை மடக்காமல் நேராகத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாமல், சில்லுக்குச் சற்று மேலே விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் உடனே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முழுவதும் அறுந்திருந்தால் அறுவை சிகிச்சைதான். தள்ளிப்போட்டால் தசை மேலே சுருங்கி, இழுத்துத் தைப்பது கடினமாகும். கூடவே பாராதைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்து, அதற்கான மருந்தையோ சுரப்பி அறுவையையோ தீர்மானிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மறுகாலின் நாணும் அறுந்துபோகும் ஆபத்து அப்படியே நிற்கிறது.