இடம்பெயர்ந்த மாதாக்கள்

சிலையைக் கழுவிச் சுத்தம் பண்ணிவிட்டு, அப்புறம் கறுப்புச் சாயம் பூசிய கதை தெரியுமா மக்களே? சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஐன்சீடல்ன் மடத்தில் இருக்கிற மாதாவின் கதை அது. நூற்றாண்டுக் கணக்கில் மெழுகுதிரிப் புகை குடித்தே கறுத்துப் போனவள். 1799இல் ஒருத்தர் அந்தக் கரியையெல்லாம் எடுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்த முகம்! ஜனங்கள் இது நம்ம மாதாவே இல்லை என்பார்களே? பூசு கறுப்பை! இன்றைக்கும் கன்னங்கரேலென்று, பட்டுடுத்தி, அச்சு அசல் நம்மூர் அம்மன் மாதிரி நிற்கிறாள்.

சுத்தம் பண்ணினது ஐன்சீடல்னில் இல்லை, ஆஸ்திரியாப் பக்கம். 1798இல் பிரெஞ்சுப் படை வந்து அவள் இருந்த சிற்றாலயத்தை இடித்தபோது, சிலையை முன்னாடியே கடத்திக்கொண்டு மலை தாண்டிப் போய்விட்டார்கள். ஊர் திரும்பினது 1803இல். சுருக்கமாகச் சொன்னால் ஐந்து வருஷ அகதி.

இவள் முன்னால் ஈழத்தமிழர்கள், அதுவும் நெற்றியில் திருநீறோடு, வந்து நிற்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். பாசல் பக்கம் மரியாஸ்டைன் குகைக் கோயிலுக்கும் இப்படித்தான் போகிறார்கள். சைவக்கோயில் இல்லாத குறை என்று நினைத்துவிடாதீர்கள். அட்லிஸ்வில்லில் முருகன் இருக்கிறார், பெர்னில் 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள்ளேயே சிவன் கோயில் இருக்கிறது. அங்கேயும் போகிறார்கள், இங்கேயும் வருகிறார்கள்.

போன நவம்பரில் நான் போனது சாமிக்காக இல்லை, வெயிலுக்காக. சூரிச்சில் அந்த மாதம் பனிமூட்டம் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், வாரக்கணக்கில் சூரியன் கிடையாது. ஐன்சீடல்ன் சுமார் 880 மீட்டர் உயரம், பல நாள் மூட்டத்துக்கு மேலே நிற்கும். திருச்சியில் அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து ஐசியுவில் இருந்தார். செமஸ்டர் நடுவில், டிக்கெட்டுக்குக் காசில்லாமல், தங்கச்சியின் போனுக்காகக் காத்திருந்தேன். மூச்சை இழுத்து விடு, மனசு அடங்கும் என்று ரூம்மேட் சொன்னான். இழுத்தேன், விட்டேன். அடங்கவில்லை.

கறுப்பு மார்பிள் சிற்றாலயத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாம்மா, திருச்சி."

அப்பா விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பேரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லையாம்.

"நீங்க கிறிஸ்டியனாம்மா?"

"இல்லைத் தம்பி, நாங்கள் சைவம். ஊரிலை மடுவுக்கும் போறனாங்கள். கோயிலிலை எண்டால் பேர், நட்சத்திரம் கேப்பினம். அர்ச்சனையோ, ஆத்மசாந்தியோ எண்டு நான்தானே சொல்லவேணும்? என்னெண்டு சொல்லுறது? இஞ்சை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஒரு மெழுகுதிரி, அவ்வளவுதான்."

திதி கொடுத்தால் மகன் செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட்ட மாதிரி. மெழுகுதிரி அதைக் கேட்பதில்லை. மன அமைதி பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த விஷயம் இல்லை. (எல்லாம் 'விட்டுவிடு' என்றே சொல்கின்றன. எதை விடுவது?)

மடு என்றாரே, அந்த மாதாவும் ஓடியவள்தான். 1670இல் டச்சுக்காரர் கெடுபிடி தாங்காமல் மாந்தைக் கத்தோலிக்கர்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் உட்கார்ந்த இடம் அது. பின்னால் ஈழப்போரில் மதம் பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்த இடமும் அதுவே. 1999 நவம்பரில் அந்த வளாகத்திலேயே ஷெல் விழுந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருமார் சிலையை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில்தான் மடுவுக்குத் திரும்பினாள். தன் ஜனங்களையே காப்பாற்ற முடியாத மாதா என்று யாராவது சொல்லலாம். ஆனால் அந்த அம்மா கேட்பது வேறு. கூடவே இடம்பெயர்ந்த ஒருத்திக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவே.

அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் படத்தோடு உட்கார்ந்தார்களே, அவர்களில் ஒருத்தி இவர் தங்கை. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடும்போது இவரும் மகன் படத்தோடு அங்கே போய் நிற்கிறார். மெழுகுதிரி ஏற்றினதால் கேள்வி அணைந்துவிடவில்லை. அடுத்த முறை போய் நிற்கத் தெம்பு கிடைக்கிறது போல.

மாலையில் துறவிகள் வரிசையாக வந்து லத்தீனில் மாதா பாட்டுப் பாடினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா கண்ணை மூடவில்லை, சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு மணி நேரமாகப் போனை எடுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வெளியே வந்தால் மடத்து வாசலில் பதினாலு குழாய் வைத்த நீரூற்று. எந்தக் குழாயில் இயேசு குடித்தார் என்று தெரியாததால், வருகிறவர்கள் பதினாலிலும் ஒரு வாய் குடிப்பார்களாம். அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்துக் குடித்துக்கொண்டே வந்தார்.

"ஒண்டையும் விடாதேங்கோ தம்பி."

ஐஸ் தண்ணி! ஏழாவதிலேயே பல் கூசியது :) அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் மிச்ச ஏழையும் குடித்தேன்.