தலைமையாசிரியரை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்புங்கள்

சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலருக்குப் பள்ளி நடத்துவது புதிதல்ல. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1848இலேயே ஒரு வித்தியாசாலையை நிறுவியிருந்தார். பிள்ளைகளுக்கு ஏற்ற பாடநூல் இல்லாதபோது தாமே எழுதினார். அச்சிட அச்சுக்கூடமும் வைத்தார். சிதம்பரத்திலேயே 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளி வாசலே மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பறை மட்டும் போதாது, தங்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும் என்று உணர்ந்து அவற்றையும் தேடிக் கொடுத்தார். சாதியைப் பொறுத்தவரை இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். ஆனால் பள்ளி நடத்திய விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. பிள்ளையின் படிப்புக்கு எது தடை என்று பார்த்தவரும், அதை நீக்கக் கையிலுள்ள பணத்தைத் திருப்பியவரும் ஒருவரே. அரசுப் பள்ளிகளில் இன்று இந்த இரண்டும் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. தடையைக் கண்ணால் பார்ப்பவர் தலைமையாசிரியர்; பணத்தைத் திருப்பும் அதிகாரம் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறது.

சிதம்பரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், விலையில்லா மிதிவண்டி, சீருடை, புத்தக விநியோகம், தேர்வு மையப் பணி, அலுவலகக் கூட்டங்கள். எதையும் வேண்டாத வேலை என்று தள்ள முடியாது. மிதிவண்டி கிடைக்காத மாணவி பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிடக் கூடும். இந்த மாவட்டத்தில் வேறொரு சுமையும் சேர்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று, புயலடிக்கும்போதும் தென்பெண்ணை, கெடிலம் ஆறுகள் பொங்கும்போதும் பள்ளிக் கட்டடமே நிவாரண முகாம். இத்தனைக்கும் நடுவே எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஏன் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு எப்போது நேரம் கிடைக்கும்? என் வாதம் இதுதான்: நம் பள்ளிகளில் மிகவும் பற்றாக்குறையான வளம் தலைமையாசிரியரின் நேரம்.

அந்த நேரம் வகுப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்கு ஆதாரம் உண்டு. கென்னத் லீத்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் தொகுத்தளித்த முடிவு, மாணவர் கற்றலைப் பாதிக்கும் பள்ளிசார் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு என்பது. எந்தத் தலைமை என்பதில் விவியன் ராபின்சனின் 2008ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாக இருக்கிறது. கற்பித்தலில் நேரடியாக ஈடுபடும் தலைமையின் விளைவு, ஊக்கமூட்டும் உரைகளிலும் தொலைநோக்கிலும் நிற்கும் தலைமையின் விளைவைப் போல மூன்று நான்கு மடங்கு. நம் நாட்டிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, பள்ளிக்கொரு மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தபோது பள்ளி நடப்பிலும் மாற்றமில்லை, கற்றலிலும் மாற்றமில்லை. படிவங்கள் மட்டும் நிறைந்தன. தலைமைப் பண்பை வளர்ப்பதாகச் சொல்லி இன்னொரு படிவத்தை நீட்டினால் நடப்பது இதுதான்.

‘ஆசிரியரே இல்லாத பள்ளியில் தலைமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் சொல்வது சரி. இயற்பியல் ஆசிரியர் இல்லாத குறையை எந்தத் தலைமையாசிரியரும் பேச்சால் நிரப்ப முடியாது. காலியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. அதை 2022இல் செய்ததுபோல் மாதம் 12,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒரு முதுகலை ஆசிரியரை அமர்த்திக் கழித்துவிடக் கூடாது. ஆனால் பணம் மட்டும் வந்தால் போதும் என்பதும் உண்மையல்ல. ஆந்திரத்தில் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்துப் பார்த்தபோது முதல் ஆண்டு மதிப்பெண் உயர்ந்தது. மானியம் வரும் என்று பெற்றோர் அறிந்துகொண்ட அடுத்த ஆண்டு, வீட்டுச் செலவை அவர்கள் குறைத்துக்கொள்ள, பலன் மறைந்தது. வீட்டில் வாங்கக்கூடியதையே பள்ளியும் வாங்கினால் பிள்ளைக்குப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. எதை வாங்கினால் சேரும் என்பது அந்தப் பள்ளியில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் கையில் நாம் கொடுப்பது எவ்வளவு? ஒருங்கிணைந்த கல்வித் திட்ட விதிப்படி 251 முதல் 1,000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 75,000 ரூபாய். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 75 ரூபாய்! மின்கட்டணம், பழுது, ஆய்வகப் பொருள், தூய்மை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அந்தத் திட்ட நிதியையும் அரசியல் பிணக்கில் மத்திய அரசு நிறுத்திவைத்ததை மன்னிக்க முடியாது.

தலைமையாசிரியருக்குக் கூடுதல் பணமும் அதிகாரமும் கொடுத்தால் தவறான கைக்குப் போகாதா என்பது அடுத்த கேள்வி. போகலாம். அதற்குக் காவல் பள்ளி மேலாண்மைக் குழு. 2022இல் தமிழகம் முழுவதும் மறுகட்டமைக்கப்பட்ட இக்குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மை. வரவு செலவைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டினால், தொலைவிலிருந்து வரும் தணிக்கையைவிட ஊர்க்கண் கூர்மையாகப் பார்க்கும். தலைமையாசிரியர் நியமனத்தில் பணிமூப்பைத் தொட்டால் சலுகையும் சிபாரிசும் நுழைந்துவிடும் என்ற ஆசிரியர் சங்கங்களின் அச்சமும் நியாயமானதே. பணிமூப்பு இருக்கட்டும். ஆனால் அதன் வழியே அந்த நாற்காலிக்கு வரும் பலருக்கு ஓய்வுக்குச் சில ஆண்டுகளே மிச்சம். அதற்குள்ளும் கலந்தாய்வில் மாறுதல். வீட்டுக்கு அருகே வர விரும்புவதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் கடலூர் மாவட்டத்தின் மங்களூர், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பள்ளிகளில் ஐந்தாண்டு தங்குபவருக்குக் குடியிருப்பும் கூடுதல் படியும் தர வேண்டும் என்கிறேன். பயிற்சியும் வேண்டும். சிங்கப்பூரில் பள்ளி முதல்வராக வரவிருப்பவருக்கு மாதக்கணக்கில் முழுநேரப் பயிற்சி உண்டு. இங்கே நேற்றுவரை வேதியியல் நடத்தியவர் இன்று சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறார்.

அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் பதிவு, விநியோகம், கணக்கு மூன்றையும் பார்க்க ஒரு நிர்வாக அலுவலரை அமர்த்தலாம். புயலையும் வெள்ளத்தையும் சேர்த்துச் சுமக்கும் கடலூர் மாவட்டத்திலேயே தொடங்கலாம். அதுவரை, மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் பேசி முடித்ததும், இந்த மாதம் தலைமையாசிரியர் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்து பாடம் கவனித்தார் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவருடைய நேரத்தை எந்தெந்த வேலை தின்றது என்று தீர்மானத்தில் எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவையுங்கள்.