எத்தனை குதிரை, எத்தனை நிமிடம்

2015ஆம் ஆண்டு மாடலாக ஷெவர்லே கொண்டுவந்த கார்வெட் இசட்06 காரின் திறன் 650 குதிரை. 6.2 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலைமேல் 1.7 லிட்டர் சூப்பர்சார்ஜர். பந்தயத் தடத்தில் ஓட்டத்தக்க கார் என்று சொல்லித்தான் அமெரிக்காவில் விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் தடத்துக்கே கொண்டுபோனார்கள். வெயில் நாளில் சில சுற்றுகள் முடிந்ததும் வெப்பமானி ஏறிவிடுகிறது, எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. 2017 மாடலில் பானட்டின் காற்றுத் திறப்புகளைப் பெரிதாக்கினார்கள். அதே ஆண்டு உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து வழக்கும் போட்டார்கள்.

அந்தக் கார்களில் எதுவும் உடைந்திருக்கவில்லை. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. 650 குதிரையை உண்டாக்குவது ஒரு வேலை. அந்த 650 உண்டாகும்போது கூடவே பிறக்கும் வெப்பத்தை, பிறக்கிற வேகத்திலேயே வெளியே தள்ளுவது வேறொரு வேலை. இரண்டாவது வேலையைப் பற்றி விளம்பரத் தாள்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வேகக் கார்களின் தரம் தெரிவது அங்கேதான்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருளை வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிற காற்றோடு நின்றுவிடும். சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை வெளியிலிருந்து அழுத்தித் திணிக்கிறது. டர்போசார்ஜர் புகைபோக்கி வாயுவால் சுழலும். சூப்பர்சார்ஜரோ பெல்ட் வழியாக கிராங்க் ஷாஃப்டிலிருந்தே தன் ஓட்டத்தை எடுத்துக்கொள்கிறது. மிதித்த நொடியே இழுவை கிடைப்பது அதனால்தான்.

இந்தக் கருவியின் முன்னோர் காரைவிட வயதில் மூத்தவர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கம்பளி ஆலை நடத்திய ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860இல் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு சுழலிகள், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிர்த் திசையில் சுழன்று காற்றை அள்ளித் தள்ளும். இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஊதப் பயன்பட்ட அந்த வடிவம்தான், சுழலிகள் முறுக்கப்பட்டு நுட்பம் கூடி, இசட்06 எஞ்சினின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் சுழலிகள் நிமிடத்துக்கு 20,000 சுற்றுவரை சுழல்கின்றன.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இங்கே நடப்பது அதுவே, அளவுதான் வேறு. 30 டிகிரி செல்சியஸ் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல 1.65 மடங்குக்கு அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். குறையே இல்லாத கருவி என்றாலும் காற்று 77 டிகிரிக்குப் போகும். இது இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்சம். நிஜக் கருவியில் கசிவும் சுழிப்பும் உண்டு. 65 சதவீதத் திறமையுள்ள சூப்பர்சார்ஜரிலிருந்து அதே காற்று 100 டிகிரிக்குச் சற்று மேலே வெளியேறும். ரூட்ஸ் வகையில் இன்னொரு சங்கடம்: அது தன் பெட்டிக்குள் காற்றை அழுத்துவதே இல்லை. அள்ளிக்கொண்டு போய் மறுபுறம் கொட்டும்போது, அங்கே ஏற்கெனவே நெருக்கியிருக்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து இதை நசுக்குகிறது. அதனால் சூடு கூடும். திருகு வடிவச் சுழலிகள் கொண்ட வகை உள்ளேயே படிப்படியாக அழுத்துவதால் அதிக அழுத்தத்தில் சற்று நன்றாக வேலை செய்யும்.

இங்கே ஒன்றை நிறுத்தி யோசிக்க வேண்டும். சூப்பர்சார்ஜரைச் சுழற்ற எஞ்சின் தன் திறனில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. டாட்ஜ் நிறுவனத்தின் 707 குதிரை ஹெல்கேட் எஞ்சினில், முழு வேகத்தில் இதற்கு மட்டும் சுமார் 80 குதிரை போகிறது. அந்தத் திறன் எங்கே போய்ச் சேர்கிறது? கிட்டத்தட்ட முழுவதும் காற்றின் வெப்பமாகிறது. முதலில் கிராங்க் ஷாஃப்டிலிருந்து எடுத்தது ஒரு இழப்பு. அதுவே சூடாக மாறி எஞ்சினுக்குள் நுழைந்து செய்யும் கெடுதல் இரண்டாவது இழப்பு. இரண்டாவதுதான் பெரிது.

சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். அதே அழுத்தத்தில் 50 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 100 டிகிரிக் காற்று உள்ளே போனால், சிலிண்டருக்குள் சேரும் காற்றின் எடை சுமார் 13 சதவீதம் குறையும். அழுத்தம் காட்டும் மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் எரிக்கக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. சூடான கலவை, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன்பே ஓரங்களில் தானாக வெடிக்கப் பார்க்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனைத் துளைத்துவிடக்கூடிய அடி அது. ஆகவே காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரும், நாக்கிங் அதிர்வைக் கேட்கும் சென்சாரும் எச்சரித்த உடனே, எஞ்சினின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. தாமதமான தீ பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளாது. தள்ளாமல் மிஞ்சிய வெப்பம் புகைபோக்கி வழியாகப் போகும்போது வால்வுகளையும் பானட்டுக்கு அடியிலுள்ள மற்ற எல்லாவற்றையும் மேலும் சுடவைக்கும். புகைபோக்கிப் பாகங்களைக் காக்கக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். சூடு திறனைத் தின்கிறது, தின்ற திறன் மறுபடி சூடாகிறது. ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம், போன சுற்றில் இருந்த பிக்கப் இந்தச் சுற்றில் இல்லை என்பதுதான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1920களின் மெர்சிடிஸ் கார்களில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் மட்டுமே சூப்பர்சார்ஜர் இணைந்து ஓடும். முந்திச் செல்லவோ மேடேறவோ கொஞ்ச நேரம் பயன்படுத்திவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். அந்தக் கார்களின் பெயர்களைப் பாருங்கள்: 10/40/65, 24/100/140. முதல் எண் வரிக் கணக்குக்கான குதிரைத்திறன். இரண்டாவது, சூப்பர்சார்ஜர் ஓடாதபோது கிடைப்பது. மூன்றாவது, ஓடும்போது கிடைப்பது. நிலையாகக் கிடைக்கும் திறன் எவ்வளவு, சிறிது நேரம் கிடைக்கும் திறன் எவ்வளவு என்று காரின் பெயரிலேயே எழுதி விற்றிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்று ஒரே எண்தான் அச்சாகிறது. அமெரிக்காவில் அந்த எண்ணை எஸ்ஏஇ ஜே1349 என்ற தரநிலைப்படி கணக்கிடுகிறார்கள். 25 டிகிரிக் காற்றுக்கு ஈடாகத் திருத்திய எண் அது. பொய் இல்லை. ஆனால் 38 டிகிரி வெயிலில் இருபதாவது நிமிடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

சூட்டைக் குறைக்கும் வழி, சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு இன்டர்கூலரை வைப்பது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமானத்தில் வந்த ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கு இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர். இரண்டு முறை அழுத்திய காற்றை அப்படியே உள்ளே விட முடியாது என்பதால், தனிக் குளிர்நீர்ச் சுற்று ஒன்றை வைத்து அதைக் குளிர்வித்தார்கள். இன்றைய சூப்பர்சார்ஜர் கார்களிலும் அதே ஏற்பாடுதான். சூப்பர்சார்ஜர் பெட்டியிலேயே இன்டர்கூலர், அதற்குள் ஓடும் கூலன்ட், காரின் முகப்பில் ஒரு சிறிய ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு மின்சார பம்ப். எஞ்சினின் பெரிய ரேடியேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சிறிய சுற்றுக்குக் கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கிவிடும். 650 குதிரை எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ அரை கிலோ காற்றை விழுங்குகிறது. அதை 100 டிகிரியிலிருந்து 50க்கு இறக்க, 25 கிலோவாட் வெப்பத்தை இழுத்தாக வேண்டும். சுற்றில் எட்டு லிட்டர் கூலன்ட் இருப்பதாகக் கொள்வோம். முகப்பு ரேடியேட்டர் எதையுமே வெளியேற்றாவிட்டால் அந்தக் கூலன்ட் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகும்.

ஆக, கால் மைல் நேர்ப்பந்தயத்துக்கு இது போதும். பத்து நொடியில் பந்தயம் முடிந்துவிடும். கூலன்ட் பத்து டிகிரி ஏறும், கார் நிற்கும்போது அதை இறக்கிக்கொள்ளலாம். அங்கே கூலன்ட் ஒரு சேமிப்புக் கிடங்கு. தொட்டிக்குள் ஐஸ் கட்டியைக் கொட்டி அந்தக் கிடங்கைப் பெரிதாக்கிக்கொள்ளும் பந்தயக்காரர்கள் உண்டு. 2018இல் வந்த 840 குதிரை டாட்ஜ் டெமன் இன்னும் ஒரு படி போனது. காரின் ஏசி குளிர்ச்சியை ஓட்டுநரிடமிருந்து பிடுங்கி இன்டர்கூலர் கூலன்டுக்குக் கொடுத்தது. எஞ்சினை அணைத்த பிறகும் பம்பும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசி ஏற்பாடு அருமையானது. சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருப்பது வி வடிவ எஞ்சினின் பள்ளத்தில். இந்த ஏற்பாடு இல்லாத காரில் ஓட்டம் நின்றதும் கூலன்டும் நின்றுவிடும், ஆனால் எஞ்சினின் இரும்பும் அலுமினியமும் சேர்த்துவைத்த சூடு மேலே ஏறி சூப்பர்சார்ஜர் பெட்டிக்குள் இறங்கும். பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் கார் நின்றபோது இருந்ததைவிட அதிகச் சூட்டோடு கிளம்பும். நெரிசலில் ஊர்ந்து வந்த கார் சிக்னலில் மந்தமாகக் கிளம்புவதும் இதே காரணத்தால்தான்.

வட்டத் தடத்தில் இருபது நிமிடம் ஓடும்போது கிடங்கால் பயனில்லை. முதல் நிமிடத்திலேயே அது நிரம்பிவிடும். பிறகு முகப்பு ரேடியேட்டர் எவ்வளவு வெளியேற்றுகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்டுக்கும் வெளிக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. எஞ்சின் கூலன்ட் 100 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 80. வெளியே 40 ஆனால் வித்தியாசம் 60, அதாவது கால் பங்கு நஷ்டம். இன்டர்கூலர் கூலன்டோ 60 டிகிரியில் இருக்க வேண்டியது. வெளியே 20 என்றால் வித்தியாசம் 40, வெளியே 40 என்றால் வெறும் 20. சரிபாதி போய்விட்டது! வெயில் எஞ்சினைவிட இன்டர்கூலரை இரண்டு மடங்கு கடுமையாகத் தண்டிக்கிறது. சூப்பர்சார்ஜர் கார்கள் குளிர் காலத்தில் புலியாகவும் கோடையில் சோர்ந்தும் ஓடுவதன் மர்மம் இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது.

ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். பெரிதாக்க முகப்பில் இடம் வேண்டும். ஏசி கண்டென்சர், இன்டர்கூலர் ரேடியேட்டர், எஞ்சின் ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், முன்னே இருப்பது சூடாக்கிய காற்றுதான் பின்னே இருப்பதற்குக் கிடைக்கும். உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பானட்டுக்கு அடியில் அழுத்தம் கூடிவிட்டால் எவ்வளவு பெரிய திறப்பு வைத்தாலும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 2017 மாடலில் பானட்டை மாற்றியதன் பொருள் இதுதான். 2019இல் வந்த 755 குதிரை கார்வெட் இசட்ஆர்1 காரில், நான்கைப் புதிதாகச் சேர்த்து மொத்தம் 13 வெப்பப் பரிமாற்றிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும் சுவர். 2023 மாடல் இசட்06இல் அதே நிறுவனம் சூப்பர்சார்ஜரையே விட்டுவிட்டது. 5.5 லிட்டர் எஞ்சின், தானாக உறிஞ்சும் காற்று, 670 குதிரை. தடத்தில் நீண்ட நேரம் ஓட்டப்போகிறவருக்கு அதுதான் சரியான வழி என்பது என் கருத்து. சாலையில் அவ்வப்போது அடிவரை மிதித்து மகிழ்கிறவருக்கு சூப்பர்சார்ஜர் தரும் இழுவைக்கு ஈடில்லை.

சூப்பர்சார்ஜர் கார் வைத்திருப்பவர்கள், தடத்தில் ஓட்டினால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடியுங்கள். வந்து நின்றதும் சாவியைத் திருகி அணைத்துவிடாதீர்கள். முகப்பு ரேடியேட்டர்களின் இடுக்குகளில் சிக்கும் தூசியையும் பூச்சிகளையும் அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். இழுவை குறைந்தது என்று எஞ்சினைப் பிரிக்கக் கிளம்புமுன், இன்டர்கூலர் பம்ப் சுழல்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் மாற்றிய பிறகு அந்தச் சுற்றில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொண்டால், பம்ப் ஓடினாலும் தண்ணீர் நகராது.