மலை இறங்கும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஒரு கருகல் வாடை அடிக்கத் தொடங்கும். ஊட்டியிலிருந்து இறங்கி வருகிற கார்களின் சக்கரத்தோடு சேர்ந்து வருகிற வாடை அது. டயர் கருகுகிறது என்று பயந்து பலர் ஓரங்கட்டுவார்கள். டயர் இல்லை, பிரேக் பேட்.

மலையடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சீசனில் என் பட்டறைக்கு வருகிற வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வரும். "அண்ணே, பிரேக் மிதிச்சா உள்ள போயிட்டே இருக்கு, வண்டி நிக்கல." நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். "எந்த கியர்ல எறங்குனீங்க தம்பி?" நாலு என்பார்கள். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். நடுவில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். ஆட்களும் பெட்டிகளுமாக 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி, மின்சாரக் கணக்கில் ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் சூடு குறையாமல் எரியவிட்டால் எவ்வளவு வெப்பம் வருமோ, அவ்வளவு. காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாராவது தாங்கியாக வேண்டும். சின்ன கியரில் வந்தால் எஞ்சின் தாங்கும். பெரிய கியரில் வந்தால் மொத்தமும் நாலு சக்கரத்து பிரேக்கின் தலையில் விழும்.

அப்போது இரண்டு விஷயங்கள் நடக்கும். முதலில் பேட் சூடேறி அதன் பிடிமானம் குறையும். கால் அழுத்தமாகத்தான் மிதிக்கும், ஆனால் வண்டி கேட்காது. கருகல் வாடை வருவது இந்தக் கட்டத்தில்தான். அப்போதே நிறுத்தினால் தப்பிக்கலாம். நிறுத்தாமல் போனால் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்தி ஒடுக்க முடியாது, அதனால்தான் நம் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. குமிழியோ அழுத்தினால் ஒடுங்கிவிடும். பெடல் தரையைத் தொடும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நல்ல ஆயில் அவ்வளவு சுலபமாகக் கொதிக்காது. டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு சுபாவம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்காவிட்டாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே ஈரம் உள்ளே போகும். ஈரம் சேர்ந்த டாட் 3 ஆயிலுக்கு விதி எதிர்பார்ப்பது 140 டிகிரிதான், டாட் 4-க்கு 155. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிற ஓனர்கள்கூட பிரேக் ஆயிலை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். சமவெளியில் ஓட்டும்வரை அதனால் ஒன்றும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். பானெட்டைத் திறந்தால் பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதில் மேக்ஸ், மின் என்று இரண்டு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். புது ஆயில் இளம் தேன் நிறத்தில் இருக்கும். காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் மேலே ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்கும், அது இயல்பு. திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்று தெரியாமல் நிரப்பினால், வண்டி நமக்குச் சொல்ல வந்ததை நாமே மறைத்துவிடுகிறோம். எந்த வகை ஆயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். பெயிண்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது பெடல் சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்கினால் பிரேக் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் பூஸ்டரைக் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்க, பெடல் மெதுவாகத் தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கோளாறாக இருக்கலாம். அந்த வண்டியை மலைக்கு எடுக்கவே கூடாது. அலாய் வீல் இருந்தால் இடுக்கு வழியாக டார்ச் அடித்து பேடைப் பார்க்கலாம். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தம் வந்தால், பேட் முடியப் போகிறது என்று சொல்வதற்கென்றே பல பேடுகளில் வைத்திருக்கும் சின்னத் தகடு உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஓட்டுவது. எங்கள் பக்கத்து பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. இதைவிட நல்ல விதி இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு, செங்குத்தான இடங்களில் ஒன்று. எஞ்சின் உறுமும், உறுமட்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று கியரைக் கூட்டாதீர்கள். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே தேய்த்துக்கொண்டு வருவதைவிட, வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது. இடையில் பிரேக் ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் "எனக்கு கியரே இல்லையே" என்பார்கள். இருக்கிறது. லீவரில் எல் என்றோ, 2 என்றோ, பிளஸ் மைனஸ் என்றோ போட்டிருக்கும். டி-யில் விட்டு இறங்கினால் பல வண்டிகள் தானாகவே பெரிய கியருக்குப் போய்விடும். கிளம்புவதற்கு முன் உங்கள் வண்டியின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மின்சாரக் கார் என்றால் இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து அந்தச் சக்தியை பேட்டரிக்கு அனுப்பும். ஊட்டி ஓட்டலில் இரவு முழுக்கப் போட்டு நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், பேட்டரியில் இடம் இல்லாததால் அந்தப் பிடிப்பு வெகுவாகக் குறையும். கொஞ்சம் குறைத்தே சார்ஜ் போடுங்கள்.

நியூட்ரலில் இறங்கினால் எரிபொருள் மிச்சம் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தோடு முடிந்தது. இன்றைய எஞ்சினில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் ஊசி தானே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

டயரை மறக்காதீர்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்றும் பல வண்டிகளில் தனியாகப் போட்டிருப்பார்கள். கோட்டுப் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது, சட்டப்படியும் முடிந்தது. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்த டயர். குறைவாக ஓடிய வண்டி என்று சொல்லிப் பழைய டயரில் மலையேற வருபவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. கோடு பளிச்சென்று இருக்கும், ரப்பரோ காய்ந்து விரிசல் விட்டிருக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டயர் மாற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது, ஒரு நிமிஷத்துக்குக்கூட.

ஒரு சின்ன விஷயம், ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அதனால் எல்லோரும் எவர்சில்வர் பாட்டில் எடுத்து வருகிறார்கள், நல்ல பழக்கம். அந்த பாட்டிலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் போடாதீர்கள். இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கால்மிதியையும் கொக்கியில் மாட்டுங்கள். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடுங்கள். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே பாலத்தில் கார் மோதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார். பணத்தால் வாங்க முடிந்த நல்ல கார் அது.

ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை என் பட்டறை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும், அது சாலை விதி. மசினகுடிப் பக்கம் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் காவல்துறை கட்டுப்பாடு போட்டது. வழிகாட்டும் ஆப் அந்தப் பாதையைக் காட்டினாலும் போக வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரேக் பிடிக்காமல் போனால், பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் மலைச் சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். கதவு போகட்டும். நின்ற பிறகு சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். அரை மணி நேரமாவது காற்றில் ஆறட்டும். ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியானாலும் அதை நம்பி மீதி இறக்கத்தை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். அதற்கு வண்டி எண்ணைப் பதியும் நாளிலேயே பானெட்டைத் திறந்து அந்த வெள்ளை டப்பாவையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயில் மாற்றச் சில நூறு ரூபாயும் ஒரு மணி நேரமும் போதும். இன்னொன்று, கூட வருகிறவர்களுக்கு. வாடை வருகிறது என்று வண்டி ஓட்டுபவர் ஓரங்கட்டினால், "நேரமாச்சு, ரயிலைப் பிடிக்கணும்" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.